மாமா என்று எழுதலாமா

ஏப்ரல் 28

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே இருக்கும் இரண்டு சொற்களை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. மாமா என்று எழுதலாமா, கூடாதா? அக்காவும் நீங்களும் இனி கணவன் மனைவி இல்லை என்று நீதிமன்றம் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் அக்காளின் தம்பிக்கும் அக்காளின் புருஷனுக்கும் நடுவில் இருந்தது என்ன ஆயிற்று என்று நீதிபதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவியைக் கேட்டேன். "பதினெட்டு வருஷமா மாமா மாமான்னு கூப்பிட்ட வாய், இப்ப போய் சாருன்னு சொல்லுமா? பேசாம எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நீங்கள் வேலையை விட்டதே உங்கள் கண்ணாடிக் கடை முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிப் பார்க்கப் போயிருந்தேன். "உங்க மாமா ஏரிக்குப் போயிட்டாருப்பா. முகாமைப் பாத்துக்கற வேலையாம். இனிமே லென்ஸ் தேய்க்க மாட்டாராம், துடுப்புப் போடப் போறாராம்" என்றார். எந்த ஏரி என்று நான் கேட்கவே இல்லை. நமக்கு வேறு ஏது ஏரி?

ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரம் நாம் போய்க் கூடாரம் அடித்த இடத்தில் நீங்கள் இனி மாதக்கணக்கில் இருக்கப் போகிறீர்கள் என்று நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. முதல் வருடம் அக்காவும் நம்மோடு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு எறும்பு கடித்தது. "இதுக்குப் பேரு பொழுதுபோக்கா? வீட்டுல கட்டில் இல்லாதவங்கதான் இங்க வரணும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிட்டாள். அதோடு சரி. என் மனைவி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "கல்யாணத்த உங்க ரெண்டு பேருக்குத்தான் பண்ணி வச்சிருக்கணும்" என்பாள்.

அங்கே போன் எடுக்காது, தபால் பால் வண்டியில்தான் மேலே வரும் என்பதால் கடிதம். நாங்கள் சுகம். அக்கா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துக் குடிபோயிருக்கிறாள். மருந்து கொடுக்கும் பிரிவில் அதே வேலை, அதே ஜன்னல். அவள் நன்றாக இருக்கிறாள்.

இந்த வருடம் என்னால் வர முடியும் என்று தோன்றவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது. வருத்தப்படாதீர்கள்.

பதில் போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள்,
மாப்பிள்ளை


மே 9

மாப்பிள்ளைக்கு,

அடிக்கவில்லை. பேனாவில் மை குறைவு. இருப்பதைச் செலவழிக்க வேறு வேலை இருக்கிறது.

உன் கடிதம் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்ததால் ஒரு ஓரம் நனைந்திருந்தது. உன் மனைவி சொன்ன இடம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு என் வணக்கம் சொல். அந்த வீட்டில் புத்தி ஒரு ஆளிடம்தான் இருக்கிறது என்று எனக்கு எப்போதோ தெரியும்.

காலையில் ஒன்பது மணி வரைக்கும் இங்கே ஏரி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பனி அப்படி மூடிக்கொண்டிருக்கும். படகுத்துறையின் பலகை மட்டும் நாலடி தெரியும். அதற்கு அப்புறம் வெறும் வெள்ளை. பிறகு வெயில் மலைக்கு மேலே ஏறும்போது முதலில் எதிர்க்கரைப் பைன் மரங்களின் நுனி, பிறகு உடம்பு, கடைசியில் தண்ணீர். ஒரு வாரம் வந்துபோகிறபோது நாம் இதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு நீ எழுந்ததே இல்லை.

எட்டுப் படகுகள் என் பொறுப்பு. இரண்டு ஒழுகும். அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவது, விறகைத் தார்ப்பாயில் மூடுவது, குளியலறைக் குழாயில் பைன் ஊசியிலை அடைத்துக்கொண்டால் குத்திவிடுவது எல்லாம் நான்தான். முகாம் நடத்தும் அம்மாளுக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம். "நீங்க அதிகம் பேசறதில்ல, அதுவே பெரிய உபகாரம்" என்றாள். ஒரு இடத்தில் குற்றமாக இருந்தது இன்னொரு இடத்தில் தகுதியாகிவிடுகிறது பார்.

வருகிறவர்கள்தான் வேடிக்கை. போன வாரம் ஒரு குடும்பம் மிக்சியோடு வந்தது. அந்த வீட்டுக்காரர் பைன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இதுல பிளக் எங்க இருக்கு?" என்று கேட்டார். கூடாரம் கட்டுகிற புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தால் அன்று யார் காரில் தூங்குவார்கள் என்று இப்போது என்னால் சொல்லிவிட முடியும். "இழுங்க" என்பதை மூன்றாம் முறை எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று கவனித்தால் போதும்.

ஒரு சந்தேகம். வெள்ளையடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். போன வருடம்தானே அடித்தாய்? ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

உன் அக்கா நன்றாக இருப்பது சந்தோஷம்.

கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எழுதும்,
மாமா


மே 27

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை என் மனைவி மூன்று முறை படித்தாள். புத்தி யாரிடம் என்ற வரியை மட்டும் சத்தமாக.

வெள்ளையடிப்பு விஷயம்: சமையலறைச் சுவர் மட்டும்தான். ஈரம் இறங்கியிருக்கிறது. நிஜமாகவே.

இங்கே வெயில் தாளவில்லை. அங்கே எப்படி? இரவில் குளிர் அதிகமா? மழை எப்போது பிடிக்கும் என்று தெரியுமா? எனக்கு வேலை வழக்கம்போலத்தான். நாள் முழுக்க மேலே போய்க் கீழே வந்தாலும் போய்ச் சேர்ந்த இடம் என்று ஒன்று கிடையாது. நேற்று ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர். கதவு வழியாகக் குரல் கொடுத்தேன். "பயப்படாதீங்க ஐயா, பத்தே நிமிஷம்" என்றேன். "மெதுவா பாருப்பா, மேல மருமக இருக்கா, கீழ கடன்காரன் இருக்கான். இங்கதான் நிம்மதியா இருக்கு" என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். முன்னைவிட உடம்பு தேறியிருக்கிறாள். புதிதாக ஒரு குடை வாங்கியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

மீன் கிடைக்கிறதா? வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அங்கே மழை வந்தால் எழுதுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை


ஜூன் 6

மாப்பிள்ளைக்கு,

கண் சோதிக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தவன் நான். சுவரில் எழுத்துப் பலகை தொங்கும். கடைசி வரி தெரியாதவர்கள் ஒன்று செய்வார்கள். முதல் வரியை ரொம்பச் சத்தமாக, ரொம்பத் தெளிவாகப் படிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கே புரிந்துவிடும், இவருக்குக் கடைசி வரி தெரியவில்லை என்று.

ஒரே கடிதத்தில் இரண்டு முறை மழையைக் கேட்கிறாய். உன் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று இரண்டு முறை சொல்கிறாய். நடுவில் ஒரு குடை வேறு.

கடைசி வரியைப் படி.

மாமா


ஜூன் 15

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

இதை எழுதத் தெரியாமல்தான் சுவருக்கு வெள்ளையடித்தேன். ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். நேரில் வந்தால் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று வரவில்லை. கடிதத்திலும் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அவரும் அதே ஆஸ்பத்திரிதான். எக்ஸ்ரே எடுக்கிறவர். மனைவி காலமாகி ஆறு வருடம் ஆயிற்றாம். பிள்ளைகள் இல்லை. ஆள் ஒல்லி, கொஞ்சம் வழுக்கை, அதிகமாகச் சிரிப்பவர். சாப்பிட வந்தபோது என்னிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று லிஃப்டைப் பற்றி முப்பது கேள்வி கேட்டார். நல்ல மனிதர் மாமா. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆகஸ்ட் முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. அவ்வளவுதான்.

அக்காவிடம் உங்களுக்கு நான் எழுதுவதைச் சொல்லவில்லை. அவளுக்குச் சங்கடமாக இருக்கும். உங்களிடம் அவளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குச் சங்கடம். இரண்டு பக்கமும் சங்கடப்படக் கூடாதென்று நடுவில் நான் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை


ஜூன் 24

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய் அங்கேயே நின்று படித்தேன். பிறகு எட்டுப் படகுகளிலும் இறங்கித் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை இறைத்தேன். அதில் நாலு படகில் தண்ணீரே இல்லை.

இப்போது சரியாகிவிட்டேன். பயப்படாதே.

நல்ல செய்தி இது. சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவள் பேச்சுத்துணை வேண்டுகிறவள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் முப்பது கேள்வி கேட்கிறவராக இருப்பது நல்லதுதான். அதுவும் எக்ஸ்ரே எடுப்பவர். நான் பதினெட்டு வருடம் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எலும்பு வரைக்கும் பார்த்துப் பழகியவர்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன், கோபப்படாமல் கேள். இனி உனக்கு மாமா அவர். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. நீ அவரோடு ஒட்ட வேண்டும், அவரைச் சிரித்த முகத்தோடு கூப்பிட வேண்டும், அக்கா அதைப் பார்க்க வேண்டும். மேலே மலையில் ஒரு பழைய மாமா உட்கார்ந்து கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறை நீ அவரைக் கூப்பிடும்போதும் உன் நாக்கு தடுக்கும்.

ஆகையால் எழுதுவதை நிறுத்திக்கொள்வோம். மனத்தாங்கல் எதுவும் இல்லை. பதினெட்டு வருடம் எனக்கு ஒரு தம்பியும் ஒரு கூட்டாளியும் ஒரே ஆளாகக் கிடைத்தார்கள். யாருக்குக் கிடைக்கும்?

இங்கே இப்போது கூட்டம் அதிகம். பள்ளி திறந்த பிறகும் சனி ஞாயிறில் குறையவில்லை. கரை முழுக்கத் துவைத்த துணியாகத் தொங்குகிறது. பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து உதடு நீலமாகி, வெளியே வரச் சொன்னால் "குளிரவே இல்ல" என்று பல் கிடுகிடுக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பொழுது போவது கஷ்டமில்லை.

சமையலறைச் சுவரின் ஈரத்துக்கு வெள்ளை மட்டும் அடித்தால் நிற்காது. வெளிப்பக்கம் குழாய் கசிகிறதா என்று பார்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.


ஜூலை 12

மாமா,

கடைசிக் கடிதத்தில் கையெழுத்துக்கூடப் போடவில்லை நீங்கள்.

வெளிப்பக்கம் பார்த்தேன். குழாய்தான் கசிகிறது. சரி செய்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடியே அவரை மாமா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஒரு வரி போடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 19

மாமா,

இந்தக் கடிதத்தில் மரியாதை குறைந்தால் மன்னிக்க வேண்டியதில்லை. குறையட்டும்.

நேற்று கண்ணாடிக் கடை முதலாளியைப் பார்த்தேன். குடும்பத்தோடு ஏரிக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறார். நான் லிஃப்டின் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே நின்றுகொண்டு சாவகாசமாகச் சொல்கிறார்: "மாமாவுக்கு இப்ப தோள் பரவாயில்லபா. கட்டப் பிரிச்சிட்டாங்க." எந்தத் தோள், என்ன கட்டு? எனக்கு ஸ்குரூடிரைவர் கையை விட்டு விழுந்து அவர் காலுக்குப் பக்கத்தில் குத்தியது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். ஜூலை கடைசியில் ஒருநாள் மதியம் திடீரென்று காற்று எழும்பியது. வயதான ஒரு தம்பதி மிதிபடகில் நடு ஏரியில் மாட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாளுக்குக் கால் வலித்து மிதிக்க முடியவில்லை, அவருக்குத் திரும்பத் தெரியவில்லை. நீங்கள் துடுப்புப் படகில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தீர்கள். அவர்களைக் கரையேற்றிய பிறகு, அலையில் படகு தூக்கியடித்ததில் நீங்கள் துறைக்கட்டையில் மோதிக் தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. சரி. இதெல்லாம் நீங்கள் செய்யக்கூடியதுதான். இதற்கு எனக்குக் கோபமில்லை.

முகாம் அம்மாள்தான் உங்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம். அங்கே கேட்டார்களாம், "உங்க வீட்டுல யாருக்குத் தகவல் சொல்லணும்?" என்று. நீங்கள் சொன்னீர்களாம், "யாரும் இல்ல."

யாரும் இல்லையா மாமா?

எங்கள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது யார்? ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. நான் இருமினால் டீ வாங்கிவந்து வைப்பீர்கள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் தேவையாக இருந்தது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தபோது உங்கள் பக்கத்தில் உட்கார என்னை விடவில்லை. நீங்கள் என்னைக் கழற்றிவிட்டதற்கு எந்த நீதிபதி கையெழுத்துப் போட்டார்?

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்களுக்கு எழுதியது, நீங்கள் நிறுத்தச் சொன்னது, அடிபட்டது எல்லாவற்றையும் வாசலிலேயே நின்று கொட்டினேன். அக்கா முதலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தத் தோளு?"

"இடது."

"எலும்பு ஒழுங்கா கூடியிருக்கா? யாரு பாத்தா?"

தெரியாது என்றேன். அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, என் மேல்.

"நான் அவர விட்டேன்டா. உன்ன யாரு விடச் சொன்னா? நான் சொன்னேனா?"

"இல்லக்கா, நீ சங்கடப்படுவேன்னு..."

"நான் சங்கடப்படுவேன்னு அவர் ஒரு மூலைல உக்காந்து முடிவு பண்ணாரு, நீ ஒரு மூலைல உக்காந்து முடிவு பண்ண. ரெண்டு பேருல ஒருத்தராவது என்கிட்ட வாயத் தொறந்து கேட்டீங்களா? பதினெட்டு வருஷமா இதேதான். நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சுடா. அவர விடறதுக்கு ஒரு வக்கீல் வச்சேன், உனக்கு எந்த வக்கீலத் தேடறது?"

உள்ளேயிருந்து எக்ஸ்ரே மாமா கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். அக்கா அவரைக் காட்டி, "அடுத்த மாசம் இவரையும் கூட்டிட்டுப் போ. அந்த எலும்பு கூடியிருக்கான்னு பாக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பாக்கட்டும்" என்றாள். அவர் பதறிப்போய், "நான் டாக்டர் இல்லயே, படம் எடுக்கறவன்தானே" என்றார். "இருபது வருஷமா படம் பாக்கறீங்கல்ல, அது போதும்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்துவிட்டு, "எறும்பு கடிக்குமாமே அங்க" என்றார்.

ஆக, செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி வருகிறோம். வெள்ளையடிக்க எந்தச் சுவரும் பாக்கியில்லை. வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். அந்தக் கடிதம் பால் வண்டியில் கீழே வருவதற்குள் நான் மேலே வந்துவிடுவேன்.

உங்கள் மாப்பிள்ளை, உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்


ஆகஸ்ட் 28

மாப்பிள்ளை,

தபால் அட்டையில் இடம் குறைவு, இடது கைக்கும் பாதி வேலைதான். உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

வா. அவரையும் கூட்டி வா. கம்பளி கொண்டுவரச் சொல், செப்டம்பரில் இங்கே மூக்கு உறையும். கூடாரம் நீங்கள் இருவரும்தான் கட்ட வேண்டும். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்வேன்.

மாமா


அக்டோபர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஏரியில் இப்போது ஆள் இல்லை. படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டாயிற்று. நேற்று கடைசிக் கூடாரமும் போய்விட்டது. காட்டில் ஒரு கிளை முறிந்தால் எதிர்க்கரையில் கேட்கிறது.

தோள் தேவலை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது என்று அவர் எக்ஸ்ரே படத்தைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, அது சரிதான். கீழே போயிருந்தபோது டாக்டரைக் கேட்டேன், அதே வார்த்தை. வலி இல்லாவிட்டால் கோணலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். உன் புது மாமாவிடம் சொல்லிவிடு, சந்தோஷப்படுவார்.

முதல் நாள் நீங்கள் கட்டிய கூடாரத்தை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். சரிவில் கட்டாதீர்கள் என்று நான் நாற்காலியிலிருந்து சொன்னேன். "இங்கருந்து பாத்தா தண்ணி நல்லாத் தெரியுது" என்றார் அவர். காலையில் பார்த்தால் இரண்டு பேரும் கூடாரத்தோடு உருண்டு விறகுக் குவியல் பக்கத்தில் கிடந்தீர்கள். கம்பளிக்கு உள்ளேயிருந்து அவர் தலையை நீட்டி, "தண்ணி இங்கருந்தும் தெரியுது" என்றாரே, அந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. இத்தனை நாள் அவரைப் பிடிக்காமல் இருக்க நான் கொஞ்சம் முயற்சி செய்துகொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மறுநாள் மத்தியானம் நீ ரொட்டியும் முட்டையும் வாங்கக் கீழே கடைக்குப் போயிருந்தாய். அவர் படகு விடக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். அவர் துடுப்புப் போட, நான் கையைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தேன். படகு முன்னால் போவதைவிட வட்டம் அடித்ததுதான் அதிகம். கரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். அதுவரைக்கும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இங்க பாருங்க", "கொஞ்சம் கேளுங்க" என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கேளுங்க."

"சாயங்காலம் வேல முடிஞ்சு வந்தா அவங்க கொஞ்ச நேரம் பேசவே மாட்டேங்குறாங்க. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனோன்னு பயமா இருக்கு. கேட்டாலும் ஒண்ணுமில்லங்கறாங்க."

இதைக் கேட்க அவருக்கு உலகத்திலேயே ஒரு ஆள்தான் இருக்கிறார், அந்த ஆள் எதிரில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். எப்படிப்பட்ட தைரியம் அது என்று நினைத்துப் பார். எனக்கு அதில் பாதி இருந்திருந்தால் போதும்.

"தப்பு ஒண்ணுமில்ல" என்றேன். "நாள் பூரா அந்த ஜன்னல்ல நின்னு, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு நூறு பேருக்குச் சொல்லிட்டு வர்றவங்க. வாய்க்கு ஓய்வு வேணும். ஒரு அரை மணி நேரம் விட்டுடுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க பேச்ச ஆரம்பிங்க. அவங்க ஆரம்பிக்கட்டும்னு காத்திருக்காதீங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தார். படகு மறுபடி வட்டமடித்தது. அந்த அரை மணியை நானும் மதித்துத்தான் நடந்தேன், மாப்பிள்ளை. மதித்து மதித்து அதைப் பல வருடம் நீட்டிவிட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன், நீ கேள்வி கேட்டுக் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால்.

கரைக்கு வந்தபோது நீ முட்டைப் பையோடு துறையில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாய். என்ன பேசினோம் என்று கேட்க ஆசைப்பட்டு, கேட்காமல், "முட்டை ரெண்டு ஒடஞ்சிருச்சு" என்றாய். உன் அக்கா சொன்னது சரிதான். நாம் ஒரே அச்சு.

இப்போது என் செய்தி. இந்த மாதக் கடைசியோடு முகாம் மூடுகிறது. கண்ணாடிக் கடை முதலாளி திரும்பி வரச் சொல்கிறார். என் இடத்தில் வைத்த ஆள் தேய்த்த லென்ஸைப் போட்டுக்கொண்டு ஒருவர் இல்லாத படியில் கால் வைத்துவிட்டாராம். உன் மனைவியும் எழுதியிருந்தாள். உங்கள் தெருக்கோடியில் மூன்றாவது மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம், ஜன்னல் கிழக்கே பார்த்ததாம். "லிஃப்ட் இருக்கு, அடிக்கடி நின்னுடும். ஆனா சரி பண்ற ஆளு நாலு வீடு தள்ளித்தான் இருக்காரு" என்று எழுதியிருக்கிறாள். நீயும் அவளும் சேர்ந்துதான் தேடியிருப்பீர்கள். அந்த அறையே போதும் என்று சொல்லிவிட்டேன். ஏப்ரலில் முகாம் திறந்ததும் மறுபடி மேலே வருவதாக அம்மாளிடமும் சொல்லியிருக்கிறேன். பாதி வருடம் லென்ஸ், பாதி வருடம் துடுப்பு. ஒரு மனிதனுக்கு அது போதுமானது.

முப்பதாம் தேதி மதியம் இங்கிருந்து கிளம்பும் பஸ் சாயங்காலம் அங்கே வரும். என்னிடம் இரண்டு பைகளும் ஒரு கூடாரமும் இருக்கின்றன. இடது தோளில் எதையும் மாட்டக் கூடாது என்று இருக்கிறது. எப்படியோ நானே சமாளித்துக்கொள்வேன் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

நீ பஸ் நிலையத்துக்கு வந்துவிடு. மலைப்பாதையில் பனி இருந்தால் பஸ் தாமதமாகும். போய்விடாதே, நில்.

மாமா